படத்தில் தெரியாத வலி

"படத்தில் ஒன்றுமில்லை." வைத்தியசாலைகளிலே நாள்தோறும் சொல்லப்படும் இச்சிறு வாக்கியம் இருபொருள் தரவல்லது. யந்திரத்தின் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை என்பது ஒன்று; நோயாளிக்கு நோயே இல்லை என்பது மற்றொன்று. முன்னையது அறிக்கை, பின்னையது தீர்ப்பு. அறிக்கை தீர்ப்பாக மாறிவிடும்போது அல்லற்படுவோர் யார் என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

வயிற்றிற் சத்திரசிகிச்சை பெற்றவர்களிற் பெரும்பாலோருக்கு உள்ளே ஒட்டுக்கள் உண்டாகின்றன. வயிற்றறையின் உட்சுவரையும் குடலையும் கருப்பையையும் வழுவழுப்பான மெல்லிய சவ்வொன்று போர்த்திருக்கிறது. நாம் மூச்செடுக்கையிலும் நடக்கையிலும் உள்ளுறுப்புக்கள் உராயாமல் வழுக்கி அசைவது அதனாலேதான். கத்தி பட்டோ, துணி உரசியோ, உலர்ந்தோ, கிருமி தொற்றியோ அச்சவ்வு காயமுற்றால், உடல் தன் காயத்தைத் தானே ஆற்ற முற்படுகிறது. பைபிரின் என்னும் பசை போன்ற பொருள் காயத்தின்மேற் படிகிறது. சில நாட்களுள் அது கரைந்துவிட்டாற் தொல்லையில்லை. கரையாது எஞ்சினால், அதனுள் உயிரணுக்கள் புகுந்து நிலையான நார்ப்பட்டைகளை உண்டாக்குகின்றன. குடல் வயிற்றுச் சுவரோடும், ஒரு குடல் மடிப்பு மற்றொன்றோடும் ஒட்டிக்கொள்கின்றன.

பலருக்கு இதனால் எத்தீங்கும் இல்லை. சிலருக்கோ சிறுகுடல் அடைப்பு, மகப்பேறின்மை, நாட்பட்ட வலி என்று துன்பம் தொடர்கிறது. 1999 ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் ஸ்கொத்லாந்து ஆய்வொன்று வெளிவந்தது. 1986 இல் வயிற்றிலோ இடுப்பறையிலோ திறந்த சத்திரசிகிச்சை பெற்ற ஏறத்தாழ 30,000 பேரின் பத்தாண்டு வரலாற்றை அது ஆராய்ந்தது. அவர்களில் 34.6 சதவீதத்தினர், ஒட்டுக்களோடு தொடர்புடைய அல்லது தொடர்பிருக்கக்கூடிய நோய்களுக்காகவோ, ஒட்டுக்களாற் சிக்கலாகக்கூடிய மறு சத்திரசிகிச்சைக்காகவோ சராசரி 2.1 முறை மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். இத்தகைய கணக்கு எவ்வாறு சாத்தியமாயிற்று? அங்கே பொதுமக்களின் மருத்துவசேவை ஒன்று உண்டு; ஒரு நோயாளியின் பதிவுகள் ஆண்டுக்கணக்காக ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. காசு கொடுத்து வெளியேறுபவனை அத்துடன் மறந்துவிடும் மருத்துவத்தில் இந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா?

எமது குடும்பத்தைச் சேர்ந்த ஆசிரியை ஒருவருக்கு முதலில் குடல்வால் அகற்றப்பட்டது. பின்னர் வயிறு கீறிப் பிள்ளை எடுக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து வலி தொடங்கியது. கரும்பலகையின் மேல்விளிம்பில் எழுதக் கையை உயர்த்தினால், உள்ளே எதையோ பிடித்து இழுப்பது போன்றிருக்கும் என்பார். ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். மீண்டும் எடுத்தார்கள், மனக்கவலை என்றார்கள். வீட்டிலும் அவ்வாறே நம்பத் தொடங்கினோர் இருந்தனர். வலியைவிட அந்த நம்பிக்கையே அவரை வாட்டியது.

அந்தப் படங்கள் பொய் சொல்லவில்லை. அவற்றிடம் கேட்கப்பட்ட கேள்விதான் பொருந்தவில்லை. ரொண்ட்ஜன் 1895 இல் எக்ஸ் கதிரைக் கண்டபோது, அதற்குக் காப்புரிமை பெற மறுத்து உலகுக்கே அளித்தார். அக்கதிர் எலும்பைக் காட்டும். அடைப்புற்றுக் காற்றால் வீங்கிய குடலையும் காட்டும். மெல்லிய நார்ப்பட்டையைக் காட்டாது. சி.ரி. ஸ்கான் இன்னும் நுட்பமானது. விரிந்த குடல் எவ்விடத்திற் திடீரென ஒடுங்குகிறது என்பதை அது காட்டும். அவ்விடத்திற் கட்டியோ குடலிறக்கமோ இல்லையெனின், ஒட்டே காரணமென வைத்தியர் உய்த்துணர்வார். அடைப்பு இல்லாத வேளையிலோ, ஒட்டிய குடலும் ஒட்டாத குடலும் அசையாப் படத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும்.

ஒட்டு என்பது அசைவின் குறைபாடு. ஆதலால் அசைவிலேதான் அதனைத் தேடவேண்டும். ஆழமாக மூச்செடுக்கச் செய்து, வயிற்றுச் சுவரின் கீழ்க் குடல் எவ்வளவு வழுக்குகிறது என்று அல்ட்ராசவுண்ட் கருவியாற் பார்க்கும் முறை 1990களிற் கையாளப்பட்டது. வழமையாக ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் அசையவேண்டிய குடல் நின்ற இடத்திலேயே நின்றால், அங்கே ஒட்டு இருக்கலாம். மறு சத்திரசிகிச்சையின்போது முதற்கருவியை எவ்விடத்திற் செலுத்தினாற் குடல் காயப்படாது என்று முன்னரே அறிய இது உதவியது. அடுத்து, ஜேர்மனியின் மியூனிச்சிலும், பின்னர் நெதர்லாந்தின் நைமேகனிலும் எம்.ஆர்.ஐ. கருவியைக்கொண்டு அசையும் படம் எடுக்கும் முறை வளர்க்கப்பட்டது. நோயாளி வயிற்றை முக்கி அழுத்தியும் தளர்த்தியும் இருக்க, அடுத்தடுத்துப் படங்கள் எடுக்கப்பட்டுச் சினிமாப்போல ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. விலகிச் செல்லவேண்டிய உறுப்புக்கள் சேர்ந்தே நகர்வதும், ஓரிடம் இழுபட்டுக் கோணுவதும் கண்ணுக்குத் தெரிகின்றன. கதிர்வீச்சும் இல்லை, கத்தியும் இல்லை.

எனினும் யந்திரத்தை வழிபடுவதும் நமது வேலையன்று. அப்படத்தை வாசிக்கப் பழகிய கண் வேண்டும். ஒட்டு இருப்பதைக் காட்டினும், வலிக்கு அதுவே காரணமென்று படம் சத்தியம் செய்யாது. 2003 இல் நெதர்லாந்தில் 100 நோயாளர்மீது நடந்த ஆய்வொன்றில், பாதிப்பேருக்கு ஒட்டுக்கள் வெட்டப்பட்டன. மற்றோருக்கு உள்ளே பார்த்ததோடு விடப்பட்டது. ஓராண்டின் பின் இருசாராரின் வலியும் குறைந்திருந்தது. இருசாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வெட்டிய இடத்திற் புதிய ஒட்டுக்களும் தோன்றலாம். ஆகவே, தேவையற்ற கத்தியைத் தடுப்பதும் தேவையான கத்திக்கு வழிகாட்டுவதுமே இப்படத்தின் பெரும்பயன்.

தடுக்கக்கூடிய காரணங்களும் உள. சத்திரவைத்தியரின் கையுறைகளிற் தூவப்பட்ட மா, வயிற்றினுள் விழுந்து ஒட்டுக்களைத் தூண்டும் என்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. இருந்தும் அமெரிக்காவில் அவ்வகைக் கையுறைகளைத் தடைசெய்யும் ஆணை 2017 இலேதான் நடைமுறைக்கு வந்தது. அறிவு முன்னே போயிற்று. விதி எத்துணை பிந்தி வந்தது!

எமது ஆசிரியைக்கு அசையும் படம் எடுக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. முதிய சத்திரவைத்தியர் ஒருவர் அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். அவர் அப்பியாசக் கொப்பியில் நாள்வாரியாக எழுதிவைத்திருந்த வலிக்குறிப்பையும் வாசித்தார். ஒட்டு இருக்கலாம், இப்போது வெட்டவேண்டாம் என்றார். வலி விட்டுவிட்டு முறுக்கி, வாந்தி எடுத்து, வயிறு ஊதி, காற்றும் பிரியாது நின்றால் ஒரு நாழிகையும் தாமதியாது வைத்தியசாலைக்கு வரவேண்டும் என்று தெளிவாகத் தமிழிற் சொன்னார். வலி முற்றாக நீங்கவில்லை. ஆனால் அவர் பொய்க்காரி அல்லர் என்பது வீட்டாருக்கு விளங்கிற்று.

19 ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த மரபையுடைய மக்களுக்கு, சத்திரசிகிச்சைக்கு முன்னரே ஒட்டுக்களைப்பற்றித் தாய்மொழியில் விளக்குவது இயலாத காரியமா? முன்னைய சத்திரசிகிச்சையின் குறிப்பை நோயாளியின் கையிற் கொடுத்தனுப்புவது பெருஞ்செலவா? நவீன கருவிகள் பொது வைத்தியசாலைகளுக்கு வரவேண்டுமென நாம் கோருவோம்; அது மக்களின் உரிமை. அவை வரும்வரையிலும், வந்தபின்னரும், நோயாளியின் வாய்மொழிக்கு முதலிடம் கொடுக்குமாறும் கோருவோம். அதற்குக் காசு வேண்டியதில்லை. அவர்களைச் சமமாக மதிக்கும் மனம் வேண்டும்.