அளவளாவுதல்

நண்பர் இருவர் நெடுநாள் கழித்து ஒருவரையொருவர் காண்கின்றனர். "நலமா?" என்று வினவுகின்றார் ஒருவர். "நலமே" என்று விடை பகர்கின்றார் மற்றவர். வினாவும் முடிந்தது, விடையும் முடிந்தது. இவ்வளவில் அவர்கள் பிரிந்துவிட்டால், ஒருவரையொருவர் கண்டனர் என்று கூறலாமேயன்றி, அளவளாவினர் என்று கூறுதல் பொருந்தாது.

அளவளாவுதல் என்பது நம் மொழியில் வழங்கும் அழகிய சொற்களுள் ஒன்று. திருவள்ளுவர் 'சுற்றந்தழால்' என்னும் அதிகாரத்தில் இச்சொல்லை எடுத்தாள்கின்றார். அளவளாவுதல் இல்லாதவனுடைய வாழ்க்கை, கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தாற் போன்றது என்பது அவர் கருத்து. உள்ளம் உள்ளத்தோடு கலத்தலையே இச்சொல் குறிக்கும் எனக் கொண்டார் உரையாசிரியராகிய பரிமேலழகர். எத்துணை மழை பெய்து எத்துணை நீர் வந்தாலும், கரை இல்லாத இடத்தில் அது தங்குவதில்லை, வயலுக்கும் பயன்படுவதில்லை. கல்வியும் செல்வமும் பதவியும் ஒருவனிடம் வந்து நிறையலாம். உள்ளம் கலந்து பழகுவார் இல்லையெனின் அவையும் அந்நீர் போன்றவையே. சுற்றத்தாரைக் குறித்துப் புலவர் கூறிய இவ்வுண்மை நண்பர்க்கும் பொருந்துவதாகும்.

உள்ளம் கலப்பது எவ்வாறு? பெரிய செய்திகளைப் பேசினாற்றான் நட்பு வளரும் என்று பலர் எண்ணுகின்றனர். திருமணம், மகப்பேறு, தேர்வில் வெற்றி, பதவி உயர்வு முதலிய பெரிய செய்திகள் கேளாமலே நம்மை வந்து அடையும். ஒருவர் காலையில் எந்த வண்டியில் ஏறுகின்றார், நண்பகலில் என்ன உண்கின்றார், செய்யும் வேலையில் எப்பகுதி அவருக்குக் கடினமாக உள்ளது என்னும் சிறிய செய்திகளோ, அன்போடு கேட்டாலன்றி வெளிவருவதில்லை. ஆயினும், மக்கள் வாழ்நாளின் பெரும்பகுதி இச்சிறிய செய்திகளாலேயே ஆகியது. இவற்றை அறியாதவர் நண்பருடைய பெயரை அறிவாரேயன்றி, அவருடைய வாழ்வை அறியார்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்வண்டி ஓடத் தொடங்கியது. அதற்குத் தெற்கே உள்ள செங்கற்பட்டிலிருந்தும் இன்று மக்கள் நாள்தோறும் சென்னைக்கு மின்வண்டியில் சென்று மீள்கின்றனர். கடற்கரை நிலையத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு உண்டு. பருவச்சீட்டு வாங்கி, ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், ஆண்டுக்கணக்காகச் செல்லும் பயணிகளிடையே இயல்பாகவே நட்பு அரும்புகின்றது. சிங்கப்பெருமாள் கோயிலில் தொடங்கிய பேச்சுத் தாம்பரத்தில் கூட்டத்தால் தடைப்படும். கிண்டியில் பலர் இறங்கிய பின் மீண்டும் தொடரும். மாலையில் வண்டி செங்கற்பட்டை நெருங்கும்போது, இருப்புப்பாதையின் அருகே கொளவாய் ஏரி விரிந்து கிடப்பதைக் காணலாம். வள்ளுவர் கூறிய உவமை அவ்வேரியைக் காணுந்தோறும் என் நினைவுக்கு வருவதுண்டு.

செங்கற்பட்டில் என்னோடு ஒரே பள்ளியில் பயின்ற நண்பர் மூவர் உளர். ஒருவர் சென்னை இராயப்பேட்டையில் ஒரு வணிக நிலையத்தில் கணக்கராக இருந்தார். மற்றொருவர் பேருந்து நடத்துநர். மூன்றாமவர் காஞ்சிபுரத்தில் குடியேறிப் பட்டு நெய்பவர். திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நால்வரும் கூடுவது வழக்கம். அங்கே பேசப்படுவன எல்லாம் அவரவர் தொழிலும் போக்குவரவுமே.

நெசவு நண்பர் தம் தறியைப் பற்றிப் பேசுவார். "கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் பிரியாதபடி இழையோடு இழை கோக்க வேண்டும். நான் ஒருவனாக அதனைச் செய்ய இயலாது. எதிர்ப்புறத்தில் அமர்ந்து நாடாவை வாங்கித் திருப்பித் தர மற்றோர் ஆள் வேண்டும்" என்று ஒருமுறை அவர் விளக்கினார். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை நின்றுபோவதும், அந்நாட்களில் வருவாய் குன்றுவதும் அவர் சொல்லக் கேட்டே யாம் அறிந்தோம். நடத்துநர், நெரிசலில் நின்றுகொண்டே சீட்டுக் கொடுப்பதையும், சில்லறைக்காகப் பயணிகளோடு வாதிடுவதையும் நகைச்சுவையோடு எடுத்துரைப்பார்.

1997-ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் ஒரு நாள் அவ்வாறு கூடியிருந்தோம். கணக்கர் அன்று மிகுந்த உற்சாகத்தோடு பேசினார். "இப்போதெல்லாம் எழும்பூரில் இறங்கி இராயப்பேட்டை வரையில் நடந்தே போகிறேன். உடம்புக்கு மிகவும் நல்லது" என்றார். நெசவு நண்பரும் யானும் அவரைப் பாராட்டினோம். நடத்துநர் மட்டும் பாராட்டவில்லை.

"மழையிலுமா நடக்கிறாய்?" என்று கேட்டார் அவர்.

"ஆம்."

"நண்பகலில் எங்கே சாப்பிடுகிறாய்?"

"இதையெல்லாம் ஏன் கேட்கிறாய்?" என்று கணக்கர் சினந்தார்.

"நாள் முழுவதும் காசு எண்ணுகிறவன் நான். பையில் காசு இல்லாமல் பேருந்தில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதாகச் சொல்பவர் முகம் எனக்குத் தெரியும். அந்த முகத்தை இன்று உன்னிடம் பார்க்கிறேன். மறைக்காமல் சொல்" என்றார் நடத்துநர்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு கணக்கர் தலைகுனிந்தவாறே உண்மையைக் கூறினார். அவர் வேலை செய்த நிலையம் நலிவுற்று, மூன்று திங்களாகச் சம்பளம் தரவில்லை. இன்று தருவர், நாளை தருவர் என நம்பி அவர் நாள்தோறும் சென்று வந்தார். வீட்டில் உள்ளவர்கள் கலங்குவார்களே என்று அஞ்சி மனைவிக்கும் அதனைச் சொல்லவில்லை. கடன் வாங்கிச் சம்பளம் என்று கொடுத்து வந்தார். பேருந்துக் கட்டணத்தையும் நண்பகல் உணவையும் விலக்கித் தம்மால் இயன்றதை மிச்சம் பிடித்தார். பத்தாம் வகுப்புப் படித்த மகளின் படிப்பு நின்றுவிடுமோ என்னும் அச்சமே அவரைப் பெரிதும் வாட்டியது.

அன்று மாலையே நண்பர் கூட்டம் செயலில் இறங்கியது. தீபாவளிக்குத் தம் கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற ஊக்கத்தொகையில் எஞ்சியிருந்ததை நெசவு நண்பர் அடுத்த நாளே கொணர்ந்தார். மழையால் தறி நின்றிருந்த காலம் அது. அவருக்கும் அப்பணம் தேவைப்பட்டதே. மகளின் படிப்புச் செலவை யான் ஏற்றேன். நடத்துநர் தம் பேருந்தில் வழக்கமாக வரும் தாம்பரத்து மரக்கடைக்காரர் ஒருவரிடம் பேசி, கணக்கருக்கு அங்கே வேலை தேடித் தந்தார். சம்பளம் முன்னையினும் குறைவே. ஆயினும் திங்கள்தோறும் தவறாமல் வந்தது. மகள் தேர்வு எழுதினாள். பின்னர்ச் செவிலியர் பயிற்சியும் முடித்தாள்.

மாணவர்களே, "மழையிலுமா நடக்கிறாய்?" என்பது எத்துணைச் சிறிய கேள்வி! அக்கேள்வி எழாதிருந்தால், உடம்புக்கு நல்லது என்ற பாராட்டோடு எங்கள் நண்பர் எழுந்து போயிருப்பார். அவருடைய துன்பமும் அவரோடு போயிருக்கும்.

அவ்வாறு கேட்பதற்கு நடத்துநருக்கு உரிமை தந்தது எது? திருக்குறளில் நட்பைக் குறித்து 79 முதல் 83 வரையில் ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்பன அவை. இவற்றின் நடுவே நிற்பது பழைமை. நெடுநாள் பழகிய நண்பர் உரிமை பற்றிச் செய்வனவற்றை விரும்பி ஏற்றல் வேண்டும் என்பதை அவ்வதிகாரம் அறிவுறுத்துகின்றது. கேட்ட நண்பர் அவ்வுரிமையைப் பயன்படுத்தினார். சினந்த நண்பர் பின் அவ்வுரிமைக்கு இணங்கினார். இவ்விரண்டும் இன்றியமையாதவை. கோர்வைச் சேலை நெய்ய எதிர்ப்புறத்தில் ஓர் ஆள் வேண்டும் என்றாரே நெசவு நண்பர், அது நட்புக்கும் பொருந்தும். கேட்பவர் ஒருவர் இருந்தும் சொல்பவர் வாய் திறவாராயின் இழை கூடாது.

இக்காலத்தில் கைப்பேசி வந்துவிட்டமையால் அளவளாவுதல் அழிந்தது என்று கூறுவோர் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய்ப் பரவலால் மின்வண்டிகள் நின்றபோது, எங்கள் திண்ணைக் கூட்டமும் நின்றது. அப்போது கைப்பேசியே எங்களுக்குத் திண்ணையாக உதவியது. நெசவு நண்பரை அழைத்த நடத்துநர், "நலமா?" என்று தொடங்கவில்லை, "வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு இருக்கிறது?" என்று தொடங்கினார். காலைதோறும் பூவின் படத்தோடு ஒரு வணக்கத்தை நூறு பேருக்கு அனுப்புவதற்கும் அக்கருவியே பயன்படுகின்றது. கருவி ஒன்றே, கேட்கும் நெஞ்சந்தான் வேறுபடுகின்றது.

ஆதலின், உங்கள் வகுப்புத் தோழர் சில நாள் பள்ளிக்கு வராமல் இருந்து மீண்டும் வந்தால், "நலமா?" என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். எப்படி வந்தாய், எத்தனை மணிக்குப் புறப்பட்டாய், காலையில் உண்டாயா என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை இறுதிவரையில் செவிமடுங்கள். உங்களை ஒருவர் அவ்வாறு கேட்கும்போது, மறைக்காமல் சொல்லவும் பழகுங்கள். குளத்துக்குக் கரை ஒரே நாளில் எழுவதில்லை. கூடை கூடையாக மண் சுமந்து கொட்டியே மக்கள் அதனை எழுப்புகின்றனர். நட்பின் கரையும் இத்தகைய சிறு கேள்விகளாலும் சிறு விடைகளாலுமே எழுகின்றது.