தேயிலை மலையும் பனிக் கண்டமும்

பதுளைக்கு வருகின்றவர்கள் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பதுளு ஓயா அறுபது மீற்றருக்கும் அதிகமான உயரத்திலிருந்து குதித்து, புகைபோல் சிதறி விழும் காட்சி, வல்ல அல்லாஹ்வின் வல்லமையை நினைத்து 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்ல வைக்கும். எல்லோருடைய கண்ணும் நீரின் மீதே இருக்கும். அந்த நீரைத் தாங்கி நிற்கும் பாறையை உற்றுப் பார்ப்பவர்கள் சிலரே. அந்தப் பாறைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலை என்று நாம் தேயிலை நட்டு வாழும் இந்த மலைகள் பூமியின் மிகப் பழைய பாறைகளால் ஆனவை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பரப்புகள் ஒன்றோடொன்று மோதியபோது, பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை அவை. அக்காலத்தில் இலங்கையும் இந்தியாவும் ஆபிரிக்காவும் அவுஸ்திரேலியாவும் தென் துருவத்தின் அண்டார்டிக்கா கண்டமும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. புவியியலாளர்கள் அந்நிலத்தைக் கொண்டுவானா என்று அழைக்கிறார்கள். பிறகு அது உடைந்து, துண்டுகள் மெல்ல மெல்ல விலகின.

இலங்கையோடு ஒட்டியிருந்த அண்டார்டிக்காவின் கரையில் இன்று ஜப்பானின் சியோவா ஆய்வு நிலையம் இருக்கிறது. 1957இல் அது நிறுவப்பட்டது. கப்பலேறி அங்கு சென்ற ஜப்பானியப் புவியியலாளர்கள், அந்தப் பாறைகளையும் நம் மலைநாட்டுப் பாறைகளையும் ஒப்பிட்டு, இவை ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தெய்வேந்திரமுனையில் நின்று நேர் தெற்கே பாருங்கள். அங்கிருந்து அண்டார்டிக்காவின் பனிக்கரை வரை ஒரு தீவுகூட இல்லை. எல்லாம் கடல்தான். ஒருகாலத்தில் அடுத்த வீடாக இருந்தவர்களுக்கு நடுவே இத்தனை பெரிய கடலை விரித்தவன் அல்லாஹ்.

கப்பலில் வாழ்க்கை

அந்தக் கடலைக் கடந்து சென்ற முதல் இந்திய ஆய்வுக் குழுவின் தலைவர் ஒரு முஸ்லிம் அறிஞர் என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. அலகாபாத்தில் பிறந்து, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற டாக்டர் சையது ஸஹூர் காசிம்தான் அவர். கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்தவர். பிற்காலத்தில் டில்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் பணியாற்றி, 2015இல் காலமானார்.

1981 டிசம்பர் 6ஆம் திகதி, நோர்வேயிலிருந்து வாடகைக்கு எடுத்த 'போலார் சர்க்கிள்' என்ற கப்பலில் 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். 1982 ஜனவரி 9ஆம் திகதி பனிக்கரையில் இறங்கினார்கள். போக வர 77 நாட்கள்.

இத்தகைய பயணத்தில் மிகக் கடினமான பகுதி, தென் அகலக்கோடு நாற்பதைத் தாண்டிய பிறகுதான். காற்றைத் தடுக்க அங்கே நிலமே இல்லை. அலைகள் மலைபோல் எழும். கோப்பையை மேசையில் வைத்தால் நிற்காது. தட்டு வழுக்காமல் இருக்க ஈரத்துணி விரிப்பார்கள். தலைசுற்றலும் வாந்தியும் பெரிய விஞ்ஞானிகளையும் விட்டு வைப்பதில்லை. அறுபதைத் தாண்டினால் பனிக்கட்டிகள் மிதந்து வரும். பனி உடைக்கும் கப்பல், கத்திபோல் பனியை வெட்டிச் செல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் முன்பகுதி பனியின்மேல் ஏறி, தன் பாரத்தால் அழுத்தி அதை நொறுக்குகிறது.

இந்த அல்லலுக்கு நடுவிலும் வேலை நிற்பதில்லை. குறித்த இடம் வந்ததும் கப்பலை நிறுத்தி, நீண்ட கம்பிவடத்தில் குப்பிகளை இறக்கி, வெவ்வேறு ஆழங்களிலிருந்து நீர் எடுப்பார்கள். அதன் வெப்பம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளப்பார்கள். மெல்லிய வலை வீசி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுயிர்களையும், திமிங்கிலங்களுக்கு உணவாகும் கிரில் என்ற சிறு இறால் இனத்தையும் பிடித்து எண்ணுவார்கள். நள்ளிரவானாலும் அளவு எடுக்கும் முறை வந்தால் எழுந்தாக வேண்டும். பொறுமையும் நேரந்தவறாமையும் இல்லாதவருக்கு அங்கே வேலையில்லை.

நமக்கு இதில் என்ன?

"இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்கும் சகோதரிகளும் இருக்கலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட கச்சான் காற்றே நம் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற வாசனையைத் தருகிறது. அந்தக் காற்று புறப்படுவது தென் இந்து சமுத்திரத்தில்தான். அங்குள்ள கடலின் சூட்டையும் காற்றின் போக்கையும் அறியாமல் நம் மழையையும் காற்றையும் சரியாகக் கணிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிந்து லயங்களை மூடியதை ஊவா மக்கள் மறக்கவில்லை. மழையை முன்கூட்டி அறிவது இங்கே உயிர்ப் பிரச்சினை.

நம் சமையலறைக்கும் தொடர்புண்டு. குளிர்சாதனப் பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்த ஒரு வகை வாயு, சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதற்கு அண்டார்டிக்காதான் சாட்சி சொன்னது. அங்கே அளவெடுத்து வந்த பிரித்தானிய விஞ்ஞானிகள் 1985இல் அதை அறிவித்தார்கள். 1987இல் மொன்றியல் ஒப்பந்தம் வந்தது. அந்த வாயு படிப்படியாக நீக்கப்பட்டது. படலம் இப்போது மெல்லத் தேறி வருகிறது. மனிதன் செய்த குழப்பத்தை மனிதனே திருத்தலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சூரியன் மறையாத இடத்தில் தொழுகை

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "மௌலவி, அங்கே கோடையில் சூரியனே மறையாதாமே! மஃரிபை எப்படித் தொழுவது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

இதற்கான வழியை நபி (ஸல்) அவர்கள் முன்பே காட்டியிருக்கிறார்கள். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம்போல் நீளும் என்று அவர்கள் கூறியபோது, அந்நாளில் ஒரு நாளின் தொழுகை போதுமா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துக்கொள்ளுங்கள் என்பதே பதிலாக வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் இது. இதை வைத்தே, இரவு பகல் பிரியாத இடத்தில் இருப்பவர், அவை பிரியும் அண்மைய ஊரின் நேரத்தைக் கணக்கிட்டுத் தொழவும் நோன்பு நோற்கவும் வேண்டும் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். கணக்கிடுவதற்கு வானியல் வேண்டும். ஆகவே மார்க்கமும் விஞ்ஞானமும் இங்கே கைகோர்த்தே நடக்கின்றன.

தாய்மார்களுக்கு

1983ஆம் ஆண்டு புறப்பட்ட இந்தியக் குழுவில் சுதீப்தா சென்குப்தா என்ற புவியியலாளரும் அதிதி பந்த் என்ற கடலியல் ஆய்வாளரும் சென்றார்கள். அண்டார்டிக்காவில் கால்பதித்த முதல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் அவர்களே.

பெண்கள் நெடும்பயணம் செல்வதற்கு மார்க்கம் வகுத்த நிபந்தனைகள் உண்டு என்று சிலர் நினைவூட்டுவார்கள். உண்மைதான். ஆனால் துருவ ஆய்வின் பெரும்பகுதி கப்பலில் நடப்பதில்லை. கொண்டுவந்த நீரையும் கல்லையும் பனியையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்வது ஊரில் உள்ள ஆய்வுகூடங்களில்தான். அங்கே நம் பெண்பிள்ளைகள் ஒழுக்கத்தோடும் ஹிஜாபோடும் பணிபுரிய எந்தத் தடையும் இல்லை.

தோட்டப் புறங்களில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் குறைவு. பஸ் ஏறி நகருக்குப் போக வேண்டும். "பெண்பிள்ளைக்கு இவ்வளவு சிரமம் எதற்கு? கலைப்பிரிவு போதும்" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கிறது. கலைப்பிரிவு இழிவானதல்ல. ஆனால் கணிதத்தில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளையை, பஸ் தூரத்தைக் காட்டி நிறுத்திவிடுவது அல்லாஹ் தந்த அறிவு என்னும் அமானிதத்தை வீணாக்குவதாகும். துணைக்கு ஒரு தோழியைச் சேர்த்துவிடுங்கள். பஸ் நிறுத்தம்வரை அண்ணனோ தம்பியோ கூடப் போகட்டும். வழி பிறக்கும்.

பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்குமாறு குர்ஆன் நம்மைத் தூண்டுகிறது. எல்லோருக்கும் கப்பல் கிடைக்காது. ஆனால் பார்க்கும் கண்ணையும் கேட்கும் துணிவையும் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒவ்வொரு தாயாலும் முடியும். பயனுள்ள கல்வியை வல்ல நாயன் நம் சந்ததிக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.