நடுப்பத்தியில் எழுதியவை

தமிழ் பயின்றோர்க்கு மனநல மருத்துவத்தில் என்ன வேலை என்று வினவுவார் உண்டு. எனக்கு அவ்வேலையைத் தந்தவர் என் தாய்மாமன். கோவில்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்து வாழ்ந்த சம்சாரி அவர். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, முளைத்தது கருகிற்று. கார்த்திகையில் மாமன் பேச்சைக் குறைத்தார். தையில் உணவைக் குறைத்தார். "உடம்பெல்லாம் அசதி", "நெஞ்சுக்குள்ள பாறாங்கல்லு" என்றாரேயன்றி, மனம் என்னும் சொல்லை எடுத்தாரில்லை. எங்கள் பக்கத்தில் துயரம் உடம்பின் மொழியிலேயே பேசும். வீட்டிலிருந்த பூச்சிமருந்தை அத்தை ஓசையின்றி அப்புறப்படுத்தினார் என்று அறிந்த அன்றே மருத்துவரை நாடினோம்.

அவர் மாத்திரைகள் தந்ததோடு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பினார். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறை அது. சோர்வுற்றோர் உள்ளத்தில் தாமாக எழும் எண்ணங்களை மெய்யென்றே கொண்டுவிடுகின்றனர். அவற்றை நிறுத்திவைத்துச் சான்று கேட்கவேண்டும் என்பது அதன் உட்கிடை. 'நல்லதையே நினை' என்னும் மேடை உபதேசத்திற்கும் இதற்கும் உறவில்லை.

ஆலோசகர் ஒரு குறிப்பேடு கொடுத்தார். நிகழ்ச்சி, எண்ணம், உணர்வு என மூன்று பத்திகள். மாமன் சொல்ல, ஞாயிறுதோறும் நான் எழுதினேன். இடர்ப்பாடு முதல் நாளே தோன்றியது. எண்ணத்திற்கும் உணர்விற்கும் அவரிடம் 'நினைப்பு' என்ற ஒரே சொல்தான் இருந்தது! தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு களன்களையும் வகுத்தார். அந்நான்கும் அன்று மாமன் வீட்டுத் திண்ணையில் இருந்தன. ஆயின் இழந்தவன் தன் இழப்பைப் பற்றித் தனக்கே என்ன சொல்லிக்கொள்கிறான் என்பதல்லவா நடுப்பத்தி கேட்டது? கடன் கொடுத்தவர் தெருவில் போனார், அது நிகழ்ச்சி. வெட்கம், அது உணர்வு. இடையில் வெற்றிடம்.

நான்காம் வாரத்தில் அது நிரம்பிற்று. "நிலம் பாக்கத் தெரியாத பய நான். என்னாலதான் எல்லாம் போச்சு."

ஆலோசகர் மறுக்கவில்லை. "பக்கத்துப் புஞ்சைக்காரருக்கு எவ்வளவு விளைந்தது, ஐயா?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"அவருக்கும் நிலம் பார்க்கத் தெரியாதோ?"

"அவரு பெரிய சம்சாரியில்லா! அவருக்கா தெரியாது?" என்ற மாமன், அப்புறம் நெடுநேரம் பேசவில்லை.

அப்பருவத்தில் தமிழகத்து மழை இயல்பினும் 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் அரசு 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அச்செய்தியையும் நடுப்பத்தியின் கீழ்ச் சான்றாக எழுதினேன். கடன் அப்படியே இருந்தது. அதை எண்ணப் பிழை என்று கூறும் மருத்துவம் மருத்துவமன்று. கடன்பட்டவன் வேறு, லாயக்கற்றவன் வேறு என்ற பிரிவினை மட்டுமே அங்குக் கிட்டியது. அதுவே உயிரைக் காக்கப் போதுமானதாயிற்று.

மனம் தேறட்டும், பிறகு வெளியே போகலாம் என்பது வீட்டார் வழக்கு. சிகிச்சையோ முதலில் காலை அசை என்றது. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடத்தி 2017இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, செயலைத் தூண்டும் இக்கூறையே பெரிதும் நம்பிற்று. நடத்தியோர் மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர் ஆலோசகர்கள். மூன்று திங்களில் அம்முறையால் தேறியோர் நூற்றுக்கு 64; அஃதின்றி ஏனைய கவனிப்பை மட்டும் பெற்றோரில் 39.

மாமனுக்கு இட்ட பணி, வறண்ட ஊருணிக் கரைவரை நடப்பது. அது எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று போகுமுன்னும் வந்தபின்னும் பத்துக்கு மதிப்பெண் இடுவது. போகுமுன் சுழி என்றார். வந்தபின், "மூணு போடு மருமவனே" என்றார். வழியில் ஒருவர் ஆட்டுக்குச் சொன்ன விலை தவறென்று வாதிட்டாராம்.

அடுத்த வாரம் நான்கு. அதற்கடுத்து மீண்டும் இரண்டு. குறிப்பேடு பத்து மாதங்கள் நீண்டது. கடைசிப் பக்கங்கள் அவர் கையெழுத்திலேயே உள்ளன. அவற்றில் நடுப்பத்தி பெரும்பாலும் வெறுமை. விதைப்புக்காலம், எழுத நேரமில்லை என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.