சேலையின் நிறம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஃபிலிம் படம் என்றால் ஒரு மோகம். கைப்பேசியில் பளிச்சென்று எடுக்கிறார்கள். பிறகு அதைச் செயலியில் போட்டு, கறுப்பைச் சாம்பலாக்கி, வெள்ளையை மஞ்சளாக்கி, மேலே மணல் தூவினாற்போல் புள்ளி வைக்கிறார்கள். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் தூண் பாறையிலும் கோக்கர்ஸ் வாக்கிலும் எடுக்கும் படங்களில் பாதி இப்படித்தான் உலவுகின்றன. என் பேத்தியும் அந்தக் கட்சி.

எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. ஸ்டூடியோவிலிருந்து உறையில் வாங்கி வந்த அன்று எங்கள் படம் எதுவும் அப்படி இருந்ததில்லை. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. செயலி 'ஃபிலிம்' என்று காட்டும் செம்பழுப்பு, ஆல்பத்தில் கிடந்து மங்கிப்போன பிரிண்டின் நிறம்.

கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது. 1960இல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' சுருளும் அதே சரக்குதான். வெள்ளி நின்று பிடிக்கும். எங்கள் ஊர் வான் ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இருக்கின்றன. கலர் பிரிண்டில் இருப்பவை மூன்று சாயங்கள்: மஞ்சள், மெஜந்தா, சயான் என்கிற பச்சை கலந்த நீலம். அந்நாளையக் காகிதங்கள் பலவற்றில், ஆல்பத்து இருட்டுக்குள்ளேயே முதலில் ஓடிப்போவது சயான்தான். மிச்சம் சிவப்பு.

புள்ளியும் அப்படித்தான், எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெரியாது. பனிமூட்டம் மாதிரிச் சாம்பல் நிறத்தில்தான் நன்றாகத் தெரியும்.

1982, குறிஞ்சி பூத்த வருஷம். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கத்துச் சரிவில், நீலச் சேலையில், கறுப்புக் குடையோடு என் மனைவி நிற்கிறாள். அவள் போய் ஒன்பது வருஷமாகிறது. படத்தில் இப்போது பூவும் சேலையும் ரோஜா நிறம்.

"பாட்டிக்கு பிங்க் ரொம்பப் பிடிக்குமா தாத்தா?" என்றாள் பேத்தி. பிங்க் துணியைக் கடையில் புரட்டிக்கூடப் பார்க்காதவள் அவள் பாட்டி!

ஸ்கேன் செய்து உட்கார்ந்தோம். கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி வளைகோடு உண்டு. குடையை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். அது கறுப்பாகும்வரை சிவப்பை இறக்க வேண்டும், நிழலில் அதிகமாக, வெளிச்சத்தில் கொஞ்சமாக. குடை கறுத்தது. முகம் மனித நிறத்துக்கு வந்தது. பிறகு சேலை மெல்ல நீலமாயிற்று. தூரத்துப் பூக்கள் மட்டும் முழுதாக மீளவில்லை. சாயமே போன இடத்தில் எதை இழுத்து வருவது? செயலி ஒரு தட்டில் செய்வதைத் தலைகீழாகச் செய்ய எங்களுக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது.

திண்டுக்கல்லில் இருக்கும் மச்சினிக்குப் படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருக்கணும் அத்தான். எனக்குத் தெரியாதா, அது என் சேலை. அக்கா இரவல் வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தது."