ஃபுல்லர்டனில் ஒரு பென்சில்

லாஸ் ஏஞ்சலீஸில் ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் ஃபுல்லர்டன். 1938-ல் லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்த ஊர். கிடார் வாசிக்கவே தெரியாத அந்த மனுஷரின் கம்பெனிதான் 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரைக் கொண்டுவந்தது. ட்ரெமோலோ கைப்பிடியை அழுத்தினால் சுருதி குழைந்து இறங்கும். விட்டால் சமர்த்தாகப் பழைய இடத்துக்கு ஏறும். ஊரில் இருக்கும் என் கிடார் மட்டும் ஏறாது! விற்றுத் தலைமுழுகிவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன்.

அங்கே கிடார் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் புலம்பினேன்.

"ட்யூன் பண்றப்போ 'டிக்'குனு சத்தம் வருதா?"

"வருது சார்!"

"அப்ப, கழுத்து உச்சியில இருக்கற வெட்டுல கம்பி சிக்குது. முன்னால ஆறு கம்பி, பின்னால ஸ்பிரிங். கயிறு இழுக்கற போட்டி தம்பி! கம்பி வழுக்கித் திரும்பினாத்தான் ரெண்டும் சமமாகும்" என்றவர், வெட்டுகளில் பென்சிலால் தேய்க்கச் சொன்னார். பென்சில் கரிதான் மசகு!

"ஒரு கம்பியை முறுக்கினா மத்ததெல்லாம் லேசா இறங்கும். பொறுமையா ரெண்டு மூணு ரவுண்டு வாங்க."

ஊர் திரும்பியதும் தேய்த்தேன். கிடார் இப்போது விற்பனைக்கில்லை. ஆபீஸில்தான் ஒரு பென்சிலைக் காணோமாம்... காட்டிக் கொடுத்துடாதீங்க!