விடுபட்ட 'நி'

கடந்த பள்ளி விடுமுறையில் ஆஃப்ரிகான்ஸ் மொழியின் தொடக்கநிலை இலக்கணத்தைக் கற்கத் தொடங்கினேன். டச்சு மொழியிலிருந்து கிளைத்து, 1925-இல் தென்னாப்பிரிக்காவில் ஆட்சிமொழித் தகுதி பெற்ற மொழி அது. இந்த வயதில் உனக்கேன் இந்த வேலை என்று வீட்டில் நகைத்தனர்.

வினைச்சொல் எளிது. 'எக் பிராட்' என்றால் நான் பேசுகிறேன். 'யெய் பிராட்' நீ பேசுகிறாய். 'ஹெய் பிராட்' அவன் பேசுகிறான். பால், எண், இடம் எதற்கும் 'பிராட்' அசைவதில்லை. நான் இடறியது எதிர்மறையில்தான். 'நான் ஆஃப்ரிகான்ஸ் பேசுவதில்லை' என்பதற்கு, 'எக் பிராட் நி ஆஃப்ரிகான்ஸ் நி' என இருமுறை மறுக்கவேண்டும். இறுதி 'நி'யை நான் தொடர்ந்து விட்டுவிட்டேன். ஒருமுறை மறுத்தாயிற்றே, இன்னொன்று எதற்கு என்றது என் தமிழ்க் காது.

அப்போதுதான் என் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். 'அக்கா வந்தான்' என்றே எழுதுவான். பகலெல்லாம் பராமரிப்பாளரிடம் மலாய் பேசி வளர்ந்தவன். மலாயிலும் வினை ஆளுக்கேற்ப மாறுவதில்லை. நானோ கவனக்குறைவு எனக் கருதிச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டே இருந்தேன். நாளடைவில் மூன்று வரிக்குமேல் எழுதுவதையே அவன் நிறுத்திக்கொண்டான்.

பள்ளி திறந்ததும் என் பயிற்சி ஏட்டை அவனிடம் காட்டி, 'நி' எங்கெல்லாம் வரவேண்டும் என்று விளக்கினேன். விடுபட்டவற்றை விரல்விட்டு எண்ணினான்.

"பதினொன்று, டீச்சர்" என்றவன், சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.