மூன்று எல்ஈடியும் ஒரு தடைக்காலமும்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக் கொண்டே வந்த விஷயம் இது. வகுப்பில் மூன்று பேர் "அந்த போட் லைட் சர்க்யூட்டைக் கொடுடா" என்று கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குப் பேப்பரில் வரைந்து கொடுப்பதற்கு ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கொஞ்சம் கழித்தல், கொஞ்சம் வகுத்தல், அவ்வளவுதான் :-)

கதை 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலில் ஆரம்பிக்கிறது. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். கரண்ட் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம் எல்லாம் எங்களுக்கு அக்கம்பக்கம்தான். ஊருக்கெல்லாம் மின்சாரம் காய்ச்சுகிற அடுப்பு எங்கள் கொல்லைப்புறத்தில். சாம்பல் எங்களுக்கு, வெளிச்சம் மற்றவர்களுக்கு. அந்த இருட்டில் வீட்டிலிருந்த எமர்ஜென்சி விளக்கும் இரண்டாவது நாள் மங்கி, சிமிட்டி, அணைந்து போனது.

சும்மா இருக்க முடியாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைப் பிரித்தேன். பேட்டரியில் இன்னும் உயிர் இருந்தது. செத்தது எல்ஈடிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குண்டூசித் தலை அளவு கறுப்புப் புள்ளி. உள்ளே சர்க்யூட் என்று பார்த்தால் ஒரே ஒரு ரெசிஸ்டர். "இவ்வளவுதானா?" என்று இளக்காரமாக நினைத்தேன். நாலு மாதம் கழித்து நானும் அதே தப்பைச் செய்யப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

சித்தப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற நேரம் என்று விசைப்படகுகளுக்கு லீவு. அந்த நாட்களில் காசிமேடு துறைமுகம் பெரிய வொர்க்‌ஷாப் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் பலகை மாற்றுவார்கள், ஒரு பக்கம் பெயிண்ட் வாசனை, இன்னொரு பக்கம் வலை பின்னுவார்கள். பகலில் வெயில் கொளுத்துவதால் வலை வேலை பாதி ராத்திரியில்தான் நடக்கும். 2024 தடைக்காலத்தில் சித்தப்பா கேட்டார்:

"இன்னாடா, இன்ஜினியருக்குப் படிக்கிறேன்னு சொல்ற. பன்னெண்டு வோல்ட் பேட்டரில எரியற மாதிரி ஒரு லைட்டு செஞ்சு குடேன். வலைக் கண்ணு தெரியணும். அப்பறம் போட்லயும் மாட்டிக்கலாம்."

குடும்பத்தில் முதன் முதலாக என் படிப்பை நம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். விடுவேனா? மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட் போய், ஒரு வாட் எல்ஈடி மூன்று வாங்கினேன். நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டில் ஒட்டி வருமே, அது. ஒவ்வொன்றும் சுமார் 3.2 வோல்ட், 350 மில்லி ஆம்பியர். மூன்றைத் தொடராக இணைத்தால் 9.6 வோல்ட். பேட்டரி 12. மிச்சம் 2.4 வோல்ட். அதை 0.35 ஆல் வகுத்தால் 6.86. ஆக 6.8 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. முடிந்தது வேலை. சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் நாள் போன். "நல்லா ஜெகஜோதியா இருந்துச்சுடா. அப்பறம் நீலமா போச்சு. அப்பறம் போயே போச்சு."

போய்ப் பார்த்தால் அதே கறுப்புப் புள்ளி. விசாரித்ததில் தெரிந்தது, பேட்டரியைச் சார்ஜரில் போட்டபடியே விளக்கை எரிய விட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. 12 வோல்ட் பேட்டரி என்பது பெயர்தான். நன்றாகச் சார்ஜ் ஆனது 12.6 வோல்ட் காட்டும், சார்ஜரில் இருக்கும்போது 14.4 வரை போகும், தீரும் நேரத்தில் 11க்கும் கீழே வரும். என் கணக்கை 14.4க்குப் போட்டுப் பாருங்கள். 14.4 கழித்தல் 9.6, மிச்சம் 4.8. அதை 6.8 ஆல் வகுத்தால் 0.7 ஆம்பியர். வோல்டேஜ் ஏறியது இருபது சதவீதம், கரண்ட் ஏறியது இரண்டு மடங்கு! (உண்மையில் கரண்ட் ஏறும்போது எல்ஈடியின் வோல்டேஜும் கொஞ்சம் ஏறும், அதனால் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சாவதற்கு அதுவே போதும்.)

எல்ஈடி குண்டு பல்பு மாதிரி இல்லை. குண்டு பல்பு சூடானால் அதன் இழையின் மின்தடை கூடும், தன்னைத் தானே அடக்கிக் கொள்ளும். எல்ஈடி நேர் எதிர். சூடாக ஆக அதன் வோல்டேஜ் குறைகிறது. ரெசிஸ்டருக்கு மிச்சம் அதிகமாகிறது, அதனால் கரண்ட் கூடுகிறது, அதனால் இன்னும் சூடு. மாமியார் மருமகள் சண்டை மாதிரி ஒன்றுக்கொன்று ஏற்றிவிட்டுக் கொண்டே போகும்.

அந்த "நீலமா போச்சு" என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. வெள்ளை எல்ஈடி உண்மையில் வெள்ளை இல்லை. உள்ளே இருப்பது நீல எல்ஈடி, மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. இரண்டும் கலந்துதான் கண்ணுக்கு வெள்ளை. அதிகச் சூட்டில் பூச்சு கெட்டால் உள்ளே இருக்கும் நீலம் எட்டிப் பார்க்கும். சிவப்பு எல்ஈடி 1962லேயே வந்துவிட்டது. நீலம் சரியாக வர முப்பது வருடம் ஆனது. அதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல். அந்த முப்பது வருட உழைப்பை நான் ஒரே ராத்திரியில் காசிமேட்டில் கருக்கிவிட்டேன் :-(

சரி, விஷயத்துக்கு வருவோம். தேவை என்ன? பேட்டரி என்ன ஆட்டம் போட்டாலும் எல்ஈடி வழியாகப் போகிற கரண்ட் மாறக்கூடாது. இதைத்தான் மாறா மின்னோட்டம் என்கிறோம்.

முதலில் எல்லோரும் சொல்வது எல்எம் 317. அதன் இரண்டு காலுக்கு நடுவே எப்போதும் 1.25 வோல்ட் நிற்கும். அங்கே 3.6 ஓம் போட்டால் 1.25 வகுத்தல் 3.6, கிட்டத்தட்ட 350 மில்லி ஆம்பியர். அழகான சர்க்யூட். ஆனால் அதற்கு "மாமூல்" அதிகம். அந்த 1.25 வோல்ட்டோடு சிப்புக்கு இன்னொரு இரண்டு வோல்ட் அளவுக்கு வேண்டும். ஆக மூன்று வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 9.6 கூட்டல் 3 என்றால் 12.6. பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே விளக்கு மங்கும். இரண்டு எல்ஈடியோடு நிறுத்தினால் ஓடும், ஆனால் பாதி மின்சாரம் சூடாகவே வீணாகும்.

எனக்குக் கை கொடுத்தது இரண்டு டிரான்சிஸ்டர் சர்க்யூட். பொருட்கள்: ஐஆர்எஃப்இசட் 44 என் மாஸ்ஃபெட் ஒன்று, பிசி 547 ஒன்று, 1.8 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று, 100 கிலோ ஓம் ஒன்று. எல்ஈடியோடு சேர்த்தே 200 ரூபாய்க்குள் முடிந்தது.

இணைப்பு இப்படி. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மூன்று எல்ஈடியும் வரிசையாக வந்து மாஸ்ஃபெட்டின் டிரெயினில் சேரும். சோர்ஸிலிருந்து 1.8 ஓம் வழியாக மைனஸ். பிளஸ்ஸிலிருந்து 100 கிலோ ஓம் கேட்டுக்கு. பிசி 547ன் கலெக்டர் அதே கேட்டில், பேஸ் மாஸ்ஃபெட்டின் சோர்ஸில், எமிட்டர் மைனஸில். அவ்வளவுதான்.

எப்படி வேலை செய்கிறது? குழாயடியை நினைத்துக் கொள்ளுங்கள். மாஸ்ஃபெட்தான் குழாய். 100 கிலோ ஓம் "திற, திற" என்று அவசரப்படுத்துகிற கூட்டம். 1.8 ஓம் அளவுக் குடம். பிசி 547 பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிற அக்கா. குடத்தில் 0.6 வோல்ட் அளவுக்கு நிறைந்ததும் அக்கா கையை நீட்டிக் குழாயைக் கொஞ்சம் மூடுவார். குறைந்தால் கொஞ்சம் விடுவார். லாரியில் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் வந்தாலும் குடத்தில் விழுவது ஒரே அளவு. 0.6 வகுத்தல் 1.8, அதாவது 333 மில்லி ஆம்பியர்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 11 வோல்ட்டில் 326. 12.6ல் 330. 14.4ல் 333. கத்திக் கூப்பாடு போட்டதில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். அரை மணி கழித்து 315 ஆக இறங்கியது. பயந்து போய் யோசித்ததில், அது நல்லதுதான் என்று புரிந்தது. பிசி 547ம் சூடாகிறது, ஒரு டிகிரிக்கு இரண்டு மில்லி வோல்ட் வீதம் அந்த 0.6 குறைகிறது. சூடு ஏறினால் தானாகவே கரண்டைக் குறைக்கிற அக்கா. நான் திட்டமிடாமலே கிடைத்த பாதுகாப்பு.

செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. 14.4 வோல்ட்டில் மாஸ்ஃபெட் ஒன்றரை வாட் வரை சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும், அதனால் ஹீட் சிங்க் கட்டாயம். நான் அலுமினிய ஜன்னல் சேனல் துண்டில் எல்ஈடிகளையும் மாஸ்ஃபெட்டையும் திருகினேன். (மாஸ்ஃபெட்டின் முதுகு டிரெயினோடு சேர்ந்தது. நடுவில் மைக்கா தாள் வைக்க மறக்காதீர்கள்.) பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் போய்விடாமலிருக்க 1என் 5819 டையோடு ஒன்று. ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. ஏழு ஆம்பியர் அவர் பேட்டரி கணக்குப்படி இருபது மணி நேரம் தாங்க வேண்டும். பழைய பேட்டரி என்றால் இதில் பாதியை எதிர்பாருங்கள்.

கல்லூரி லேபில் சொல்லித் தராத ஒன்று உப்புக்காற்று. மூன்று வாரத்தில் செம்பு பச்சையாகிவிட்டது. ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிற அண்ணன் ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, மிச்சமிருந்த ரெசினை போர்டின் மேல் ஊற்றி மூடிக் கொடுத்தார். என் நாலு வருடப் படிப்பில் இல்லாத பாடம் அது. அந்த விளக்கு இன்னும் எரிகிறது.

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் விளக்கைப் பார்த்த ஒருவர் தேடி வந்தார். "தம்பி, இதே மாதிரி நூறு வாட்ல, கடலுக்குள்ள இறக்கற மாதிரி பத்து செஞ்சு குடுப்பியா?" அவர் சொன்ன தொகை என் ஒரு வருட ஃபீஸுக்குக் கிட்டே. எதற்கென்று கேட்கவில்லை. கேட்காமலே ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன். நூறு வாட் சிப்புக்கு 32 வோல்ட், 3 ஆம்பியர். குழாயடி அக்கா தாங்க மாட்டார், ஸ்விட்ச்சிங் டிரைவர் வேண்டும்... இப்படியே நோட்டில் நாலு பக்கம்.

காலையில் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவேயில்லை. "அது லைட் மீன்புடிடா. வெளிச்சத்துக்குக் குஞ்சு குளுவான் எல்லாம் மேல வரும். மொத்தமா வாரிடுவாங்க. ரெண்டு மாசம் நாங்க பட்டினியா குந்தினு இருக்கறது எதுக்கு? அந்தக் குஞ்சு வளரட்டும்னுதானே?"

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் பொறுப்பு, அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசு. அந்தப் பகுதியில் எல்ஈடி உட்பட செயற்கை வெளிச்சம் போட்டு மீன் பிடிக்க 2017 நவம்பரிலேயே தடை போட்டிருக்கிறார்கள். பெரிய ஜெனரேட்டரும் விளக்கும் வைத்திருக்கிற படகு ஒரே ராத்திரியில் வாரிக்கொண்டு போனால், கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போகிறவனுக்கு மறுநாள் என்ன மிச்சம்?

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பரவால்ல தம்பி, ரெடிமேடாவே கெடைக்குது" என்றார். ஆக நான் செய்யாததால் கடல் ஒன்றும் காப்பாற்றப்படவில்லை. அதோடு, சித்தப்பாவிடம் கேட்காமல் இருந்திருந்தால் செய்து கொடுத்திருப்பேன் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாலு பக்கத்தில் வோல்ட் இருந்தது, ஆம்பியர் இருந்தது, வாட் இருந்தது. யாருக்கு, எதற்கு என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மேலே சொன்ன சர்க்யூட்டைச் செய்து பாருங்கள். புயலுக்கு ஆகும், வலை பின்ன ஆகும், அம்மா ராத்திரி கோலம் போட ஆகும்.

டிஸ்கி: ஒரு வாட் எல்ஈடியை எரியும்போது நேராகப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். பத்து நிமிஷம் எல்லோர் முகத்திலும் பச்சை வட்டம் தெரிந்தது :-)